பதினோராம் பக்கத்து உப்புத் தண்ணீர்

"என் ரெண்டாவது புத்தகத்துக்கு மட்டும் ஏன் இன்னும் சரின்னு சொல்ல மாட்டேங்கிறீங்க, சிஸ்டர்?"

வந்ததும் வராததுமாக உபதேசியார் வியாகப்பன் இதைத்தான் கேட்டார். கையில் ஒரு நோட்டு. எழுதி முடித்து இரண்டு வாரம் ஆகிறது.

அவருக்கு வயது ஐம்பத்தாறு. சிஸ்டர் அருள்சீலிக்கு முப்பத்துநாலு. ஆனாலும் குரு என்றால் அவருக்கு சிஸ்டர்தான்.

அந்தக் கடற்கரை ஊரில் இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லித் தருகிறவர் வியாகப்பன். படிப்புப் பைத்தியம். மடத்து வாசகசாலையில் ஒரு புத்தகம் பாக்கி கிடையாது. கடலை மடித்த தாளைக்கூட விரித்து வாசித்துவிட்டுத்தான் போடுவார். ஒருநாள் சிஸ்டரிடம், "நானும் எழுதிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டார்.

"பிள்ளைகளுக்கு எழுதுங்க," என்றார் சிஸ்டர்.

எழுதினார். ஆண்டவர் மேலும் பிரியம், எழுத்து மேலும் பிரியம், கேட்கவா வேண்டும்!

அதுதான் முதல் புத்தகம், பதினாறு பக்கம். விண்ணரசி என்று ஒரு சிறுமி. அவள் அப்பா புயலில் மாட்டிக்கொள்கிறார். அவள் மூன்று இரவு கண் மூடாமல் செபம் செய்கிறாள். நாலாம் நாள் காலையில் அப்பாவின் படகு கரைக்கு வருகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அதைக் கோயிலில் வைத்தே வாசித்துக் காட்டினார். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். பங்குச் சாமியார் கைதட்டினார். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

இப்போது சிஸ்டர் அந்த நோட்டைத் தொடக்கூட இல்லை. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சின்ன மருந்துப் பாட்டிலை எடுத்து அவர் முன்னால் வைத்தார். பாதி தண்ணீர். அடியில் கொஞ்சம் மணல்.

"இது எந்தப் பக்கம், உபதேசியாரே?"

"என்ன கேக்குறீங்க?"

"மோந்து பாருங்க."

மோந்து பார்த்தார். "கடல் தண்ணி."

"உங்க புத்தகத்துல எந்தப் பக்கம்?"

யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. விண்ணரசிக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றும். உடனே கடல் தண்ணீரை அள்ளிக் கண்ணில் விட்டுக்கொள்வாள். அந்த இடத்தை எழுதி முடித்தபோது அவருக்கே கண் கலங்கியது. அடேயப்பா, என்ன எழுத்து என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

"பதினொண்ணு."

"ஜெனோவா தலையணைக்கு அடியில இருந்துச்சு."

ஜெனோவாவை அவருக்குத் தெரியும். மறைக்கல்வி வகுப்பில் முன்வரிசையில் உட்காருகிற எட்டு வயசுப் பிள்ளை. அவள் அப்பா மிக்கேல்ராஜ் போன படகு புயலுக்குப் பிறகு திரும்பவில்லை. பத்தொன்பது நாள் ஆகிறது. உடலும் கிடைக்கவில்லை.

"கண்ணு ரெண்டும் வீங்கிப்போச்சு," என்றார் சிஸ்டர். "இப்படியே விட்டா பார்வை போயிரும்னு டாக்டர் சொல்லிட்டார். பாட்டிலைப் பிடுங்கினா கடலுக்கு ஓடுறா. அவங்கம்மா இவ கையைக் கட்டிப் போட்டிருக்கா."

"என்ன ஒரு விசுவாசம், சிஸ்டர்!"

வாயிலிருந்து வந்தேவிட்டது. சொன்ன மறுநொடி நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு. சிஸ்டர் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"எந்திரிங்க."

"அந்தப் பிள்ளைகிட்ட நான் போய் என்ன சொல்ல?"

"நீங்கதான எழுதுனீங்க."

வெயிலில் இருவரும் மணலில் நடந்தார்கள். 

ஜெனோவாவின் அம்மா சலேத் வாசலில் நின்றாள். வாங்க என்று சொல்லவில்லை. ஒதுங்கி மட்டும் நின்றாள்.

உள்ளே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் பிள்ளை. இரண்டு மணிக்கட்டையும் சேலைக் கிழிசலால் சேர்த்துக் கட்டியிருந்தது. இமைகள் தடித்துப்போய், நடுவில் ஒரு கீறல் அளவுக்குத்தான் கண் தெரிந்தது. உதடு மட்டும் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது.

உபதேசியார் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"தூங்கும்மா. ஆண்டவர் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார்."

உதடு நின்றது. "விண்ணரசி தூங்கினாளா?"

"இல்ல..."

"ஒரு நிமிஷங்கூட?"

"இல்லம்மா."

ஜெனோவா வாசல் பக்கம் திரும்பி அம்மா நிற்கிற தூரத்தைப் பார்த்துக்கொண்டாள். பிறகு அவர் காதருகே வந்தாள்.

"மூணாவது ராத்திரி நான் தூங்கிட்டேன்."

அவருக்குப் புரியவில்லை.

"புயல் அடிச்சப்போ. ரெண்டு ராத்திரி முழிச்சிருந்தேன். மூணாவது ராத்திரி தூங்கிட்டேன். அதான் அப்பா வரல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இப்ப முதல்ல இருந்து எண்ணுறேன். ஆனா நடுவுல நடுவுல தூங்கிடுறேன். அப்ப திரும்ப ஒண்ணுல இருந்து. அம்மாகிட்ட சொல்லிராதீங்க."

 அப்பாவுக்காகக் காத்திருக்கிறாள் என்றுதானே ஊரே நினைத்தது! பிள்ளை அப்பாவைக் கொன்ற குற்றத்தை அல்லவா சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"சிஸ்டர்..." என்று திரும்பினார்.

சிஸ்டர் வெளியே போய், அவருக்கு முதுகைக் காட்டி மணலில் உட்கார்ந்துவிட்டார்.

வேறு வழியில்லை.

"விண்ணரசின்னு ஒரு பிள்ளையே கிடையாதும்மா. நான் கதை கட்டி எழுதினது."

"பொய்யா?"

"ஆமா."

"கோயில்ல வச்சு வாசிச்சீங்களே."

"வாசிச்சேன்."

"சாமியார் இருந்தாரே. கைதட்டினாரே."

"தட்டினார்."

ஜெனோவா கட்டுப்போட்ட கையால் கண்ணைத் தேய்த்தாள்.

"அப்ப விண்ணரசியோட அப்பா? அவர் வந்தாருல்ல?"

"அவரும் கிடையாது. யாரும் வரல."

"எங்கப்பா?"

இருபது வருஷத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பதில் சொன்ன வாய் அது! ஆண்டவர் சித்தம் என்று ஒன்று. மோட்சத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று ஒன்று. பொறுத்திரு, வருவார் என்று ஒன்று. எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தன. சத்தியமாகச் சொல்கிறேன், ஒவ்வொன்றும் அழகான வாக்கியம். அத்தனையையும் விழுங்கினார்.

"அப்பா வரமாட்டாரும்மா. நீ தூங்கினதால இல்ல. முழிச்சிருந்தாலும் வந்திருக்க மாட்டார்."

பத்தொன்பது நாளாக அந்த வீட்டில் யாரும் சொல்லத் துணியாத வார்த்தை. சலேத் ஓடிவந்து அவர் முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தாள்.

"பாவி! பச்சப்பிள்ளைகிட்டயா சொல்லுவீரு! நாசமாப் போவீரு!"

உபதேசியார் நகரவில்லை. அடி விழ விழ, பிள்ளையின் கைக்கட்டை நகத்தால் கெல்லி அவிழ்த்துக்கொண்டிருந்தார். முடிச்சு இறுகிக் கிடந்தது. ஒரு நகம் பிய்ந்தது. கடைசியில் கட்டு அவிழ்ந்தது.

சலேத் களைத்துப்போய் அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

ஜெனோவா எழுந்து ஓடவில்லை. தெரிகிற மட்டுக்கும் அவர் முகத்தையே பார்த்தாள்.

"முழிச்சிருந்தாலும் வந்திருக்க மாட்டாரா?"

"மாட்டார்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்ப நான் தூங்கட்டுமா?"