பையோடு வந்த மருமகள்

டாக்டர் நூர்ஜஹானிடம் மகப்பேறு மருத்துவம் பயின்றுவந்த ரெஜினா, கையில் ரத்தப் பரிசோதனை முடிவுகளோடு உள்ளறைக்கு ஓடிவந்தாள்.

"மேடம், முத்துப்பேச்சின்னு ஒரு பொண்ணு. இருபத்தேழு வயசு. மாதவிலக்கு நின்னு ஏழு மாசம். ஒரு மாசம் விட்டு மறுபடியும் பார்த்தாச்சு, அதே முடிவுதான். சினைப்பை இப்பவே ஓய்ஞ்சுபோகுது."

"அவகிட்ட சொன்னியா?"

"மாமியார் விடலை, மேடம். பிள்ளை பிறக்குமா பிறக்காதா, ஒரே வார்த்தையில சொல்லுங்கன்னு கேக்குறாங்க. பிறக்காதுன்னா இப்படியே தாய்வீட்டுல இறக்கிவிட்டுருவாங்களாம். ஆட்டோ வாசல்ல நிக்குது. அந்தப் பொண்ணு துணிப்பையோட வந்திருக்கா."

ரெஜினா முடிவுத் தாளை டாக்டரிடம் நீட்டினாள்.

"வாய்ப்பு ரொம்பக் குறைவு. பிள்ளை இல்லைன்னா வைத்தியம் எதுக்குன்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

டாக்டர் எழுந்து நோயாளிகளைப் பார்க்கும் முன்னறைக்கு வந்தார்.

நோயாளி உட்காரும் முக்காலியில் மாமியார் பிச்சம்மாள் உட்கார்ந்திருந்தார். முத்துப்பேச்சி பையை அணைத்தபடி பின்னால் நின்றாள். மின்விசிறிக்குக் கீழேயும் அவள் கழுத்தில் வேர்வை வழிந்தது.

டாக்டர் தன் நாற்காலியை அவளுக்கு இழுத்துப்போட்டார். பிறகு மாமியாரைப் பார்த்தார்.

"மணிக்கட்டு கோணலா இருக்கே, என்னம்மா ஆச்சு?"

"போன வருசம் வழுக்கிட்டு. லேசாத்தான் கையை ஊனுனேன், முறிஞ்சுபோச்சு. விலக்கு நின்னதுல எலும்பு பொரபொரன்னு ஆயிட்டாம்."

"உங்களுக்கு விலக்கு எந்த வயசுல நின்னுது?"

"அம்பதுல. வைத்தியம் எனக்கா, இவளுக்கா?"

டாக்டர் அந்தக் கோணல் கையை மேசைமேல் வைத்தார். பக்கத்தில் மருமகளின் கையை வைத்தார்.

"இவளுக்கு இருபத்தேழுல நின்னுருக்கு."

பிச்சம்மாள் இரண்டு கைகளையும் பார்த்தார். வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது. யாரும் திரும்பவில்லை.

"இவ எலும்புமா?"

"மாத்திரை சாப்பிட்டா காப்பாத்தலாம். இந்த வேர்வையும் அடங்கும்."

"எத்தனை நாளைக்கு?"

"உங்களுக்கு நின்ன வயசு வரைக்கும்."

"அம்மாடி! இவ அம்மைக்குத் தன் கண்ணு மருந்தே ஞாபகம் இருக்காது. அங்க யாரு எடுத்துக் குடுப்பா?" என்று முணுமுணுத்தபடி பிச்சம்மாள் மருமகளிடமிருந்து பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மெல்லக் கேட்டார்.

"அப்ப, பிள்ளை?"

பதில் சொல்ல ரெஜினா வாயெடுத்தாள். டாக்டர் கை காட்டி நிறுத்திவிட்டு முத்துப்பேச்சியைப் பார்த்தார்.

"அதை அவளே கேக்கட்டும்."