மூன்றாம் வருஷத்து ஆகஸ்ட் இதழ்

"டீச்சர், மூணாம் வருஷத்து ஆகஸ்ட் இதழை விட்டுட்டு எழுதிரலாமா?" என்று கேட்டார் சங்கரபாண்டியன்.

பாலர் பள்ளி ஆசிரியைகளுக்காகப் பாளையங்கோட்டையிலிருந்து வரும் மாத இதழ் 'தளிர்நடை'. அதற்கு நாற்பது வயது நிறைகிறது. வரலாற்றை எழுதும் பொறுப்பு அவருடையது.

கல்வி அதிகாரியாக ஓய்வு பெற்ற பிறகுதான், குழந்தைகளைப் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாது என்று அவருக்கு உறைத்தது. இதழை நடத்தும் ரெஜினாளிடம் பாடம் கேட்க வந்து சேர்ந்தார். ஆசிரியையைவிட ஒன்பது வயது மூத்த மாணவர்.

"அதுல என்ன அண்ணாச்சி?"

"இடது கையால எழுதுற பிள்ளைக்கு அந்தக் கையை ஒரு மாசம் துணியால கட்டி வைக்கணும்னு போட்டிருக்கு. எழுதினவங்க பேரில்லை."

"நான்தான்."

இந்த அம்மாள் ஒரு பிள்ளையை அதட்டிக்கூடச் சங்கரபாண்டியன் கேட்டதில்லை.

"அப்ப கட்டாயம் விட்டுரலாம், டீச்சர். நாற்பது வருஷத்து நல்ல பேர். இனிமே அதை யாரு தேடிப் படிக்கப் போறா?"

ரெஜினாள் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வாங்க."

டவுன் பஸ்ஸில் நாலு நிறுத்தம். ஒரு சின்னத் தையல் கடை. கடையை நடத்தும் முத்துக்கனி மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"நான் முதல்ல கட்டினது இவ கையைத்தான்," என்றார் ரெஜினாள். "அப்ப நாலு வயசு. கட்டினது கையை. நின்னது பேச்சு. அதுக்குப் பெறவுதான், நான் சொன்னது தப்புன்னு மறு வருஷம் எழுதினேன்."

"அவுத்துவிட்டும் ரெண்டு மாசம் பேசலையாம். அம்மா சொல்லுவா," என்றாள் முத்துக்கனி. குரலில் கோபம் இல்லை. அவளுடைய இடது கையில் கத்தரிக்கோல் இருந்தது.

சங்கரபாண்டியன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இதழோட வரலாறு எழுதுதேன், தாயி. இதையும் சேர்த்தா உனக்குச் சங்கடமா இருக்குமா?"

முத்துக்கனி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். ஐந்து வயது மகள் ஓடி வந்தாள். பிள்ளையின் இடது கையை மெல்லப் பிடித்து அவர் முன்னால் நீட்டினாள்.

புறங்கையில் ஸ்கேல் தடம் சிவந்து கிடந்தது.

"இவளும் என்னை மாதிரிதான். நேத்துப் பள்ளிக்கூடத்துல அடி."

சங்கரபாண்டியன் தலையைக் குனிந்துகொண்டார்.

"இவ டீச்சருக்கு ஒண்ணு வேணும்," என்றாள் முத்துக்கனி. "புத்தகம் எப்ப சார் வரும்?"