விஷ்ணுபிரசாத் வாங்கப் போன குக்ரி

நேபாளத்து மலையொன்றில் தேவமாயா அம்மாளின் ஆசிரமம் இருந்தது. சீடராகச் சேர்ந்தவர் மூன்று வருஷம் விறகு பொறுக்கலாம், தண்ணீர் சுமக்கலாம். குக்ரி என்கிற அந்த வளைந்த கத்தியை மட்டும் தொடக் கூடாது. நான்காம் வருஷத் தசராவில்தான் சொந்தமாக ஒன்று வாங்கி, எல்லோரும் பார்க்கப் பூஜைப் பீடத்தில் வைக்க வேண்டும். வைத்தால் முழுச் சீடர். இல்லாவிட்டால் இன்னொரு வருஷம் காத்திருக்க வேண்டியதுதான்.

விஷ்ணுபிரசாத்துக்கு நாளைக்கு அந்த நாள். ஐம்பத்திரண்டு வயசு, குருவைவிடப் பத்து வயசு மூத்தவர். தலைமை ஆசிரியராக இருந்தவர். பூணூல், நெற்றியில் பெரிய பொட்டு, எதற்கெடுத்தாலும் ஒரு சுலோகம். காலையிலிருந்தே மனுஷருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"எதைப் பாத்து வாங்கணும், அம்மா?"

"என்கிட்ட ஏன் கேக்கறீங்க? செய்யறவர்கிட்ட கேளுங்க" என்று குரு அவரை மலையடிவாரத்துக் கொல்லர் மனவீரின் பட்டறைக்கு அழைத்துப் போனார்.

விஷ்ணுபிரசாத் முதலில் எடுத்தது, பித்தளைச் சிங்கத் தலையோடு பளபளவென்று இருந்த ஒன்றை.

"அது சுவத்துல மாட்டறதுக்கு, சாமி" என்றார் மனவீர். "நாலு விறகு வெட்டினா பிடி தனியா வந்துடும். இதைப் பாருங்க, எருமைக் கொம்புப் பிடி. கனம் முன்பக்கம் இருக்கு. பாதி வேலையைக் கத்தியே செஞ்சிடும்."

"உறையிலேருந்து உருவிப் பாக்கட்டுமா?"

"உருவுங்க சாமி, ஆனா..."

அதற்குள் உருவ ஆரம்பித்துவிட்டார். புதுசாக வாங்குகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு: இடது கை விரல்கள் உறையின் கூர்ப்பக்கத்தைச் சுற்றிப் பிடித்திருந்தன. அங்கே இருப்பது மெல்லிய மரமும் தோலும்தான். கத்தி உள்ளிருந்தே கிழித்துக்கொண்டு வந்துவிடும். மனவீர் பாய்ந்து அவர் கையைப் பற்றி விரல்களை விலக்கினார். அடுத்த நொடி உறை பிளந்தது. கையில் ஒரு கீறல்கூட இல்லை.

"ஏய்! யாரைத் தொடறே நீ?"

அந்தப் பக்கத்தில் கொல்லர் தொட்டால் தீட்டாம்! விஷ்ணுபிரசாத் கையை உதறினார். தான் கொண்டுவந்திருந்த செம்பிலிருந்து தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டார். கத்தியின் மீதும் தெளித்தார். காப்பாற்றியவருக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டுமே, ம்ஹூம்.

மனவீரின் மனைவி சுக்மாயா துருத்தியை விட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

"அந்தக் கத்தியில அவர் கை படாத இடம் எதுன்னு காட்டுங்க சாமி. அதை மட்டும் வெட்டித் தரச் சொல்றேன், எடுத்துட்டுப் போங்க!"

மனவீர் கத்தியை வாங்கித் துடைத்து உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

"இது விக்கறதுக்கு இல்ல."

"அப்ப வேற ஒண்ணு கொடு."

"எதுவுமே விக்கறதுக்கு இல்ல."

விஷ்ணுபிரசாத்தின் முகம் சிவந்தது. "பாத்தீங்களா அம்மா, திமிரை! ஊர்ல யாரும் செய்யாததையா நான் செஞ்சுட்டேன்? நீங்க ஒரு வார்த்தை சொன்னா கொடுத்துடுவான். சொல்லுங்க!"

குரு சுக்மாயாவிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவள் கொடுத்த டம்ளரை வாங்கி, அவசரப்படாமல் முழுசையும் குடித்தார். பிறகு கிளம்பிவிட்டார்.

பாதி மலை ஏறும்வரை சீடர் பொருமிக்கொண்டே வந்தார். அந்தக் கொல்லன், அவன் பெண்டாட்டி, கெட்டுப்போன காலம் என்று ஒருவரையும் விடவில்லை. ஆசிரமத்துக் கூரை கண்ணில் பட்டதும் சட்டென்று நின்றார். கோபம் இறங்கி, குரலில் பயம் ஏறியிருந்தது.

"மூணு வருஷம், அம்மா. நாளைக்கு எல்லாரும் வந்துடுவாங்க. பீடத்துல நான் எதை வைக்கிறது?"

"கையை வையுங்க" என்றார் குரு. "இது யார் தொட்டதால முழுசா இருக்குன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லிட்டு வையுங்க."