எல் போர்டு அக்காவின் வலது கால்

ஜெசிந்தாவின் கிரவுண்டில் வயதுக்கு மரியாதை கிடையாது. அங்கே அவள் ஒருத்திதான் மாஸ்டர். மற்ற எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள், அவர்களும் ஒருவரையொருவர் அப்படியே கூப்பிட வேண்டும். ருக்குமணிக்கு நாற்பது தாண்டிவிட்டது, மாஸ்டருக்கு முப்பது ஆகவில்லை. அதனால் என்ன? "ருக்குமணி, ஹெல்மெட் பட்டையைப் போடு" என்றால் போட வேண்டும்.

கிரவுண்டு என்பது பேச்சுக்குத்தான். கோயம்புத்தூருக்கு வெளியே, பிளாட் போட்டு விற்காமல் கிடந்த ஒரு நகர் அது. பெரிய எழுத்தில் பெயர் போட்ட வளைவு உண்டு. தார் ரோடு உண்டு. தண்ணீர்த் தொட்டி உண்டு. வீடுதான் ஒன்றுகூட இல்லை. வளைவிலிருந்து தொட்டி வரை நேராக ஓடும் அந்த ரோட்டில், சொந்தக்காரரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, ஜெசிந்தா காலை வேளைகளில் வீலிங் பழக்கினாள். முன் சக்கரத்தை வானத்துக்குத் தூக்கிவிட்டு, பின் சக்கரத்தை மட்டும் நம்பி வண்டி ஓட்டும் வித்தை. வெளி ரோட்டில் யாராவது சக்கரத்தைத் தூக்கினார்கள் என்று காதில் விழுந்தால் போதும், மறுநாள் அவர்களுக்கு அந்த வளைவுக்குள் இடம் கிடையாது.

அவளுடைய குழு பொருட்காட்சிகளில் வித்தை காட்டும் பெண்கள் குழு. அதில் ஒருத்தி கல்யாணமாகிக் கனடாவுக்குப் போய்விட்டாள். காலியான அந்த இடத்தைக் கேட்டுத்தான் ருக்குமணி வந்து நின்றாள்.

ஊரே சிரித்தது. சிரிப்பதற்குக் காரணமும் இருந்தது. ருக்குமணி டிரைவிங் ஸ்கூல் தெரியாத வீடு அந்தப் பக்கத்தில் இல்லை. ஸ்கூட்டியும் காருமாகப் பாதி ஊருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். "மெதுவா சாமி, மெதுவா" என்று சொல்லிச் சொல்லியே தொண்டை தேய்ந்தவள். ஊரில் அவளுக்குப் பெயரே எல் போர்டு அக்கா.

கிரவுண்டில் அக்கா என்று சொல்லக்கூடாது அல்லவா? குழுவில் எல்லாரையும்விட இளையவளான கிருத்திகா அந்தச் சட்டத்தை நன்றாக அனுபவித்தாள்.

"ஏன் ருக்குமணி, மேல தூக்குன சக்கரத்துலயும் எல் போர்டு மாட்டுவியா?"

"மாட்டுவேன். கீழ இருந்து பாக்குறவங்களுக்குத் தெரியணுமில்ல?"

முதல் நாளே ஜெசிந்தா கேட்டிருந்தாள்: "உனக்கு எதுக்கு இது?"

ருக்குமணி சொன்னாள். "இத்தனை வருசமா எல்லாரையும் மெதுவாப் போ, மெதுவாப் போன்னு சொல்லியே நான் எங்கயும் போகலைங்க மாஸ்டர். ஒரு தடவை, ஆயிரம் பேரு பாக்குற எடத்துல, நான் போகணும்."

ஜெசிந்தா கையை நீட்டி ரோட்டைக் காட்டினாள். "வளைவுல ஆரம்பிச்சு தொட்டி வரைக்கும். நடுவுல சக்கரம் தரையைத் தொடக்கூடாது. மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை பார்ப்பேன். உனக்கு வரலைன்னா திருப்பூர்ல ஒரு பொண்ணு காத்துக்கிட்டிருக்கு."

பிறகு எல்லாருக்கும் சொல்வதைத்தான் அவளுக்கும் சொன்னாள். "வலது கால் எப்பவும் கால் பிரேக் மேல இருக்கட்டும். சக்கரம் ரொம்ப மேல போயிருச்சுன்னா லேசாத் தொடு. வண்டி தானா இறங்கும்."

ருக்குமணி தலையாட்டினாள். காது கேட்டது. கால் கேட்கவில்லை.

அவள் கை ஸ்கூட்டியில் பழகிய கை. ஸ்கூட்டிக்கு எல்லாப் பிரேக்கும் கையில்தான். சக்கரம் ஒரு முழம் எழும். எழுந்ததும் பயம் பிடிக்கும். உடனே வலது கை பாய்ந்து முன் பிரேக்கைப் பிடிக்கும். காற்றில் நிற்கிற சக்கரத்துக்குப் பிரேக் போட்டு என்ன ஆகப்போகிறது? ரேஸ் அடங்கி, வண்டி தொப்பென்று விழும். இத்தனையும் நடக்கும்போது அவள் வலது கால் பிரேக்கை விட்டுவிட்டு, மழையில் நனைந்த கோழி மாதிரி வண்டியின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் நேர்மாறாக ஆனது. பயத்தில் கை பிடியை இறுக்க, இறுக்கிய கை ரேஸையும் சேர்த்து முறுக்க, வண்டி குதிரையாக எழுந்து அவளை மல்லாக்கத் தள்ளிவிட்டுத் தனியாகப் போய் வேலிகாத்தான் புதரில் விழுந்தது. கவசம் போட்டிருந்ததால் முழங்கை சிராய்ப்போடு போயிற்று. ஆனால் அதற்குப் பிறகு சக்கரம் அந்த ஒரு முழம்கூட எழவில்லை.

சோதனைக்கு முந்தின நாளான சனிக்கிழமையும் வந்துவிட்டது. ருக்குமணி ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தொட்டியின் நிழலில் உட்கார்ந்தாள்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு."

"பயம் எப்பங்க போகும்?"

ஜெசிந்தா செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். விட்டு முடித்தாள். கையைத் துடைத்தாள். வளைவைத் தாண்டி வெளியே போய், அங்கே நின்ற ருக்குமணியின் டிரைவிங் ஸ்கூல் காரைச் சுற்றிப் பார்த்தாள். ருக்குமணியும் பின்னாலேயே வந்தாள்.

"ஏனுங்க்கா," என்றாள். வளைவுக்கு வெளியே போய்விட்டால் அவள் எல்லாரையும்போல மரியாதை தெரிந்தவள். "எனக்குக் கார் ஓட்டத் தெரியாதுங்க்கா. கத்துக் குடுக்கறீங்களா?"

"உனக்கா? வண்டி மேல நின்னுக்கிட்டே ஓட்டுவ, கார் ஓட்டத் தெரியாதா கண்ணு?"

"ரெண்டு சக்கரத்துக்கு மேல தெரியாதுங்க்கா."

"இப்பவேவா?"

"இப்பவே. மெயின் ரோட்டுல."

ருக்குமணிக்கு அந்த நேரத்தில் வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை. சாவியைக் கொடுத்தாள். வழியில் தள்ளுவண்டியில் அவித்த கடலை ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு இடது பக்கத்து சீட்டில் சாய்ந்தாள்.

ஜெசிந்தா ஓட்டினாள் என்று சொல்வது கூடுதல். கார் விக்கியது. குதித்தது. சந்தை நாள் வேறு. முன்னால் தக்காளி ஏற்றிய டெம்போ, பக்கத்தில் டவுன் பஸ், குறுக்கே ஓர் ஆடும் அதன் குட்டியும். ஜெசிந்தாவின் முகத்தில் வியர்வை வழிந்தது. ஆயிரம் பேர் நடுவில் பின் சக்கரத்தில் போகிறவள், ஓர் ஆட்டுக்குட்டிக்கு ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"அக்கா! பஸ்ஸு! பஸ்ஸுங்க்கா!"

"அவன் பாட்டுக்குப் போறான், நீ பாட்டுக்குப் போ." ருக்குமணி ஒரு கடலையை உரித்து வாயில் போட்டாள். "மெதுவா சாமி, மெதுவா. கிளட்சைப் பட்டுனு விடாதே. ஆட்டைப் பாக்காதே, ரோட்டைப் பாரு."

டெம்போ சட்டென்று நின்றது. ஜெசிந்தா பிரேக் என்று நினைத்து ரேஸை மிதித்தாள். கார் தக்காளியை நோக்கிப் பாய்ந்தது. பாய்ந்தது, அப்படியே பூப்போல நின்றது. ருக்குமணியின் மடியில் இருந்த கடலைகூடச் சிந்தவில்லை.

"இதுதான் பிரேக்கு, அதுதான் ரேஸு," என்றாள் ருக்குமணி. "மறுபடி ஸ்டார்ட் பண்ணு கண்ணு."

ஜெசிந்தா ஸ்டார்ட் பண்ணவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்குப் பயமே இல்லீங்களாக்கா? கண்டவங்களும் ஓட்டுற வண்டியில இப்படித் தினமும் உக்காந்திருக்கீங்க?"

"பயமில்லாம என்ன? நீ ஓட்டுற லட்சணத்துக்கு யாருக்கும் பயம் வரும்." ருக்குமணி சிரித்தாள். "ஆனா என் காலு இருக்குதில்ல கண்ணு."

"எங்கீங்க?"

"இந்தப் பக்கமும் ஒரு பிரேக் வச்சிருக்குது பாரு. டிரைவிங் ஸ்கூல் கார்ல வாத்தியார் பக்கத்துக்குன்னே வைக்கிறது. வலது காலை அது மேல வச்சிட்டு உக்காந்தேன்னா, நீ என்ன கூத்து வேணாலும் அடிச்சுக்க. கடலை தின்னுக்கிட்டு இருப்பேன்."

"அப்படீங்களா," என்றாள் ஜெசிந்தா. பொட்டலத்திலிருந்து ஒரு கடலையை எடுத்து உரித்தாள்.

பின்னாலிருந்து ஹாரன் சத்தம் கிழித்தது. ருக்குமணிக்கு அது காதில் ஏறவில்லை. அவள் குனிந்து தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வளைவுக்குக் கீழே ருக்குமணி வண்டியில் உட்கார்ந்திருந்தாள். தொட்டியின் பக்கத்தில் ஜெசிந்தா, கைகட்டி நின்றாள். திருப்பூர்ப் பெண்ணும் வந்து ஓரமாக நின்றிருந்தாள், பளபளவென்ற புது வண்டியோடு.

முதல் ஓட்டம். சக்கரம் எழுந்தது, கை பாய்ந்தது, தொப்.

திருப்பூர்ப் பெண் தன் கையுறையை மாட்ட ஆரம்பித்தாள்.

"இன்னொரு தடவை," என்று தொட்டிப் பக்கமிருந்து குரல் வந்தது. "அதோட சரி."

ருக்குமணி வண்டியைத் திருப்பி வளைவுக்குக் கொண்டுவந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். பையிலிருந்து ஒரு கடலையை எடுத்து, நிதானமாக உரித்துத் தின்றாள்.

"கடலை திங்கிற நேரமா இது?" கிருத்திகா தலையில் கை வைத்தாள்.

"ஆமா," என்றாள் ருக்குமணி. மென்று விழுங்கிவிட்டு ஹெல்மெட்டை மாட்டினாள். வலது காலைத் தூக்கிப் பிரேக்கின் மேல் வைத்தாள். குனிந்து ஒரு முறை பார்த்தும் கொண்டாள்.

கிளட்சை விட்டாள்.

சக்கரம் ஒரு முழம் எழுந்தது. அதே பயம். கை முன் பிரேக்கைத் தேடியது. அதற்குள் சக்கரம் இடுப்பளவு வந்துவிட்டது. பிறகு நெஞ்சளவு. ரோடு மறைந்தது, தொட்டி மறைந்தது, கண்ணுக்கு முன்னால் ஹெட்லைட்டும் வானமும்தான். இன்னும் கொஞ்சம் போனால் மல்லாக்க விழ வேண்டியதுதான் என்கிற இடத்தில், கால் லேசாகத் தொட்டது.

வண்டி தணிந்தது. விழவில்லை, தணிந்தது. கொஞ்சம் ரேஸ். மறுபடி எழுந்தது. மறுபடி ஒரு தொடல்.

"மெதுவா சாமி, மெதுவா" என்று ஹெல்மெட்டுக்குள் யாரோ சொன்னார்கள். அவள் குரல்தான்.

ஓரக்கண்ணில் தண்ணீர்த் தொட்டி வந்தது. கைகட்டி நின்ற ஜெசிந்தா வந்தாள். போனாள். சக்கரம் இறங்கவில்லை. தொட்டியைத் தாண்டி, பெயர் வைத்து ஆள் வராத தெருக்களைத் தாண்டி, தார் தீர்ந்து மண் தொடங்குகிற இடம் வரை எல் போர்டு அக்கா ஒற்றைச் சக்கரத்தில் போனாள். அங்கே, நிறைகுடத்தை இறக்கி வைக்கிற மாதிரி, முன் சக்கரத்தை இறக்கி வைத்தாள்.

கிருத்திகா விரலை மடித்து வாயில் வைத்து அடித்த விசிலுக்கு நாலு பிளாட் தாண்டி மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் நிமிர்ந்து பார்த்தன. திருப்பூர்ப் பெண் கையுறையைக் கழற்றிவிட்டுக் கைதட்டினாள்.

ருக்குமணி திரும்பி வந்தாள். தொட்டிப் பக்கம் வண்டியை நிறுத்தி இறங்கினாள். முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது, கண்ணில் தண்ணீராகவும் இருந்தது. ஜெசிந்தா முன்னால் வந்து அவளுடைய ஹெல்மெட் பட்டையைத் தானே கழற்றிவிட்டாள்.

"மாஸ்டர்," என்றாள் ருக்குமணி, மூச்சிரைக்க. "பயம் போகவே இல்லீங்க. வளைவுல ஏறுனது, கடைசி வரைக்கும் கூடவே வந்துச்சு."

"வரட்டுங்க்கா," என்றாள் ஜெசிந்தா, வளைவுக்குள் நின்றபடியே. "அதுக்கும் ஓட்டக் கத்துக் குடுங்க."