ஜன்னலைச் சாத்து

இருதயராஜின் வகுப்பில் சத்தம் இருக்காது. மின்விசிறி சுற்றும். பேனாக்கள் ஓடும். அவர் குரல் மட்டும் கேட்கும். பல்கலைக்கழகத்தின் புவியியல் துறையில் இருபத்திரண்டு வருடங்களாக அவர்தான் மண்ணியல் நடத்துகிறார். அந்த அமைதியைப் பற்றி அவருக்குப் பெருமை உண்டு.

பக்கத்து அறையில் ஜெயக்கொடி களஆய்வு முறைகள் நடத்தினார். அங்கே பெஞ்சுகள் இழுபடும். யாராவது சிரிப்பார்கள். யாராவது "அதெப்படி?" என்று கத்துவார்கள். இருதயராஜ் இரண்டு முறை துறைத்தலைவரிடம் எழுத்தில் புகார் கொடுத்திருந்தார். ஜெயக்கொடி ஒருகாலத்தில் அவரிடமே படித்தவர் என்பது அவருக்குக் கூடுதல் வருத்தம்.

செமஸ்டர் தொடங்கிய இரண்டாவது திங்கட்கிழமை துறைத்தலைவர் அவரைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். விருப்பப் பாடங்களின் பட்டியல். களஆய்வு முறைகள், நாற்பத்தொன்று. மண்ணியல், ஆறு.

"பத்துப் பேர் சேரலைன்னா பாடத்தை எடுத்துருவாங்க. வெள்ளிக்கிழமை நாலு மணி வரைக்கும் பசங்க மாத்திக்கலாம்" என்றார் துறைத்தலைவர்.

"எடுத்துட்டா நான் எதை நடத்தறது?"

"சுற்றுச்சூழல் கல்வி."

சுற்றுச்சூழல் கல்வி எல்லாத் துறைக்கும் கட்டாயம். யாரும் படிப்பதில்லை. இருநூறு பேர் உட்காரும் அரங்கத்தில் மைக்கில் நடத்த வேண்டும். மைக் வேலை செய்யாது.

இருதயராஜ் அன்று மாலை ஜெயக்கொடியின் அறை வாசலில் நின்றார்.

"உள்ள வாங்க சார். ஏன் நிக்கிறீங்க?"

"ஒண்ணு கேட்கணும். கேட்கிறவன் நிக்கிறதுதான் முறை."

"ஐயோ, உட்காருங்க சார். நீங்க எனக்கு வாத்தியார்."

"அது நேத்து வரைக்கும். உன்கிட்ட நாப்பத்தொரு பேர் வர்றாங்க. என்கிட்ட ஆறு பேர். அதுல ரெண்டு பேர் தப்பான கட்டத்துல டிக் போட்டு வந்தவங்க. நீ என்ன பண்றே?"

ஜெயக்கொடி நாற்காலியில் ஏறி, அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்துத் தூசி தட்டினார்.

"உங்க வகுப்புல நான் எழுதினது சார்."

இருதயராஜின் முகம் மலர்ந்தது. "இன்னும் வெச்சிருக்கியா?"

ஜெயக்கொடி பிரித்து வாசித்தார். "தமிழகத்தின் மண்வகைகள் ஐந்து. ஜன்னலைச் சாத்து. முதலாவது, வண்டல் மண்."

"இரு, இரு. நடுவுல என்ன?"

"ஜன்னலைச் சாத்து."

"அது பாடம் இல்லையே. ஆனி மாசக் காத்து அடிச்சிருக்கும். சாத்தச் சொல்லியிருப்பேன்."

"எங்களுக்குத் தெரியலை சார். எல்லாரும் எழுதினாங்க. நானும் எழுதினேன்."

"ஜன்னலை யாரு சாத்தினது?"

"நீங்கதான். நாங்க எழுதிட்டிருந்தோம்."

"பரீட்சையில எழுதலையே?"

"எழுதினேன்."

"நான் திருத்தினேனா?"

"டிக் போட்டிருந்தீங்க."

இருதயராஜ் தன் அறைக்குப் போனார். போன செமஸ்டரின் உள்மதிப்பீட்டுத் தாள்கள் அலமாரியில் கட்டாக இருந்தன. மேலே இருந்த ஒன்றை உருவினார். வண்டல் மண்ணுக்கு முன்னால் ஜன்னல் சாத்தப்பட்டிருந்தது. டிக்கும் இருந்தது. அடுத்ததைப் பார்த்தார். அதிலும் சாத்தியிருந்தார்கள். பழைய நோட்டுகளின் பிரதி வாசல் ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார்.

திரும்பி வந்தபோது ஜெயக்கொடி கிளம்பிக்கொண்டிருந்தார்.

"சரி. நான் என்ன செய்யணும்?"

ஜெயக்கொடி கைப்பையைத் தோளில் மாட்டினார். "அவங்களால எழுத முடியாதது ஒண்ணு சொல்லுங்க சார்."

செவ்வாய்க்கிழமை இருதயராஜ் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். வழக்கமாக அவர் மேசைக்குப் பின்னால் நிற்பவர்.

"இன்று முதல் இந்த வகுப்பு மாணவர்களை மையமாகக் கொண்டு நடக்கும்" என்றார்.

ஆறு தலைகள் குனிந்தன. ஆறு பேரும் எழுதினார்கள்.

"இதை எழுத வேண்டாம்."

அதையும் எழுதினார்கள்.

"பேனாவைக் கீழே வைங்க."

எழுதி முடித்துவிட்டு இருவர் பேனாவைக் கீழே வைத்தார்கள்.

அவர் ஒரு வேடிக்கை சொன்னார். மண்புழுவைப் பற்றியது. யாரும் சிரிக்கவில்லை. நஸ்ரின் என்ற பெண் மட்டும் தன் ஜெராக்ஸ் பிரதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது மூணாவது யூனிட்ல வர்றது" என்றாள்.

"ஏதாவது சந்தேகம் இருக்கா?"

எழுதினார்கள். கேள்விக்குறியும் போட்டார்கள்.

கடைசி பெஞ்சில் இசக்கிமுத்து தலையைத் தூக்கினான். இருதயராஜ் ஓரடி முன்னால் வந்தார்.

"கேளுப்பா."

"சார், இது ரெண்டு மார்க்கா, அஞ்சு மார்க்கா?"

புதன்கிழமை அவர் குழு விவாதம் வைத்தார். ஆசிரியர்களுக்கான புத்தொளிப் பயிற்சியில் ஒருமுறை அதற்குச் சான்றிதழ் வாங்கியிருந்தார். ஆறு பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார். முதல் குழு எதைப் பேச வேண்டும் என்று சொன்னார். இரண்டாம் குழு எப்படி மறுக்க வேண்டும் என்று சொன்னார். குழப்பம் வரக் கூடாது என்பதற்காக முடிவையும் சொல்லிவிட்டார். விவாதம் நான்கு நிமிடத்தில் நடந்து முடிந்தது. இரண்டு குழுவும் அவர் சொன்னதை அவரிடமே ஒப்பித்தன. பாதி வாக்கியத்தில் அவர் இருமியிருந்தார். அந்த இடத்தில் நஸ்ரின் கொஞ்சம் நிறுத்தி வாசித்தாள்.

பக்கத்து அறையில் யாரோ, "பந்தயம் கட்டு பாப்போம்!" என்று கத்தினார்கள். பெரிய சிரிப்பு எழுந்தது.

வியாழக்கிழமை மாலை மறுபடியும் ஜெயக்கொடியின் அறைக்குப் போனார். இந்த முறை தானே உட்கார்ந்தார்.

"எதைச் சொன்னாலும் எழுதறாங்க ஜெயக்கொடி. எழுதாதேன்னா அதையும் எழுதறாங்க."

"ம்."

"தலையில அடிச்சுக்கிட்டேன். அதை எழுத முடியாதுன்னு ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்துச்சு. ஒருத்தன் படம் வரைஞ்சுட்டான்."

ஜெயக்கொடி சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். பிறகு மேசைக்கு அடியிலிருந்து ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து வைத்தார். உள்ளே ஒரு குத்து மண். கறுப்பாக இருந்தது.

"இது என்ன மண் சார்?"

"கரிசல்."

"தொட்டுப் பாக்கலையே?"

"நிறமே போதும். இருபத்திரண்டு வருஷம்."

ஜெயக்கொடி தன் பாட்டிலிலிருந்து கொஞ்சம் தண்ணீரை மண்ணில் ஊற்றிப் பொட்டலத்தை அவர் பக்கம் தள்ளினார். "உருட்டுங்க."

இருதயராஜ் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கொஞ்சம் எடுத்தார். கரிசல் என்றால் பிசின் போல ஒட்டும், உருட்டினால் கயிறு மாதிரி நீளும். அவர் நோட்டில் பதினேழாம் பக்கத்தில் அப்படித்தான் இருந்தது. இது நீளவில்லை. விரலுக்குள்ளேயே உதிர்ந்தது. இன்னொரு முறை உருட்டினார். மறுபடியும் உதிர்ந்தது.

"எந்த ஊர் மண்ணு இது?"

"தெரியாது சார். என் வகுப்புல பூவிழின்னு ஒரு பொண்ணு கொண்டுவந்தா. கேட்டா சொல்ல மாட்டேங்கிறா. கண்டுபிடிங்கன்னு சொல்றா."

"நீ கண்டுபிடிச்சியா?"

"இன்னும் இல்லை."

இருதயராஜ் குரலைத் தாழ்த்தினார். "தெரியலைன்னு வகுப்புலேயே சொல்லிட்டியா?"

"சொன்னேன்."

"பசங்க என்ன சொன்னாங்க?"

"ஆளுக்கொண்ணு சொன்னாங்க. அதுதான் சார் நேத்து உங்களுக்குக் கேட்ட சத்தம்."

இருதயராஜ் தன் விரல்களைப் பார்த்தார். விரல் ரேகை எல்லாம் கறுப்பாக இருந்தது. மண்ணியல் நடத்த ஆரம்பித்த பிறகு கையில் மண் ஒட்டியது இதுதான் முதல் தடவை என்று தோன்றியது.

"இதை நான் எடுத்துட்டுப் போகலாமா?"

"எடுத்துக்குங்க சார். எங்ககிட்ட இன்னொரு பொட்டலம் இருக்கு."

வெள்ளிக்கிழமை இரண்டு மணி வகுப்பு. பட்டியலில் அன்றும் ஆறு பேர்தான். இருதயராஜ் பொட்டலத்தை மேசைமேல் பிரித்து வைத்தார். ஆறு பேனாக்களும் தயாராக இருந்தன.

"இது" என்றார்.

ஆறு பேரும் 'இது' என்று எழுதிவிட்டுக் காத்திருந்தார்கள்.

அதற்கு மேல் அவரிடம் எதுவும் இல்லை. இரவெல்லாம் புத்தகங்களைப் புரட்டியிருந்தார். கறுப்பாக இருந்து உதிரும் மண் அவற்றில் எதிலும் இல்லை. வாயைத் திறந்தார், மூடினார். பேனா முனைகள் தாளில் ஊன்றியபடி நின்றன. ஒரு நிமிடம் போயிற்று. நஸ்ரினின் தாளில் மைப்பொட்டு ஒன்று பெரிதாகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தலையாக நிமிர்ந்தது. ஆறு பேருடைய முகத்தையும் ஒன்றாக அவர் பார்ப்பது அதுவே முதல் தடவை. அதில் ஒருவன் மீசை வைத்திருந்தான்.

"சார், மறந்துட்டீங்களா?" என்று கேட்டாள் நஸ்ரின்.

"இல்லம்மா. தெரியலை."

யாரும் எழுதவில்லை.

இருதயராஜ் காத்திருந்தார். "ஏன், எழுதலையா?"

"அதை எப்படி சார் எழுதறது?" என்றான் இசக்கிமுத்து.

பேனாவைக் காதில் செருகிக்கொண்டு எழுந்து வந்தான். ஒரு துளி மண்ணை எடுத்துக் கசக்கினான். மோந்து பார்த்தான். நாக்கு நுனியில் வைத்தான். "ஏலே, துப்புலே!" என்று மீசைக்காரன் அலறினான்.

"சார், இது கரிசல் இல்ல. கரிமூட்டம் போட்ட இடம். எங்க அப்பாவுக்கு அதான் வேலை. வேலிக்கருவை விறகை அடுக்கி, மண்ணைப் போட்டு மூடி எரிப்பாங்க. கரியை அள்ளின பிறகு தரை இப்படித்தான் கிடக்கும். அடியில செம்மண்ணு."

"அடிச்சு விடாத" என்றாள் நஸ்ரின். "கரித்தூள்னா தண்ணியில மிதக்குமே?"

"மிதக்கும்."

"மிதக்கலைன்னா?"

"மிதக்கலைன்னா என் பேரை மாத்திக்கிறேன்."

யாரோ டிபன் பாக்ஸ் மூடியில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஆறு தலைகளும் மேசையைச் சுற்றிக் குவிந்தன. இருதயராஜுக்கு மூடி தெரியவில்லை. "கொஞ்சம் தள்ளுங்கப்பா" என்று எம்பிப் பார்த்தார். கறுப்பு மேலே மிதந்தது. அடியில் சிவப்பாகப் படிந்தது. இசக்கிமுத்து பெஞ்சில் ஏறி நின்று இரண்டு கையையும் தூக்கினான்.

வாசலில் ஜெயக்கொடி நின்றுகொண்டிருந்தார்.

"சார், கொஞ்சம் மெதுவா. பக்கத்துல பாடம் நடக்குது."

அவருக்குப் பின்னால் அவர் வகுப்பே நின்றது. முன்னால் நின்ற பூவிழி மூடியை எட்டிப் பார்த்தாள். "கரிமூட்டம் சரி. ஆனா எந்த ஊர்? அதைச் சொல்லுங்க" என்றாள். அவளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

நாலு மணிக்குப் பட்டியலில் பதினொரு பேர் இருந்தார்கள். தப்பாக டிக் போட்ட இருவரும் போகவில்லை.

நாலரை மணிக்கு இருதயராஜ் ஜெயக்கொடியின் அறைக்கு வந்தார். வெளியே ஆனிக் காற்று புழுதியை வாரிக்கொண்டிருந்தது.

"உன் பசங்க அஞ்சு பேர் என்கிட்ட வந்துட்டாங்க."

"வரட்டும் சார். எனக்கு பெஞ்ச் பத்தலை."

"எழுத முடியாதது எதுன்னு தெரிஞ்சுபோச்சு."

ஜெயக்கொடி தலையசைத்தார்.

"ஆனா ஒரு சிக்கல். திங்கட்கிழமை வண்டல் மண். அது எனக்கு நல்லாத் தெரியுமே. என்ன செய்யறது?"

கேட்டுவிட்டுச் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறிய நோட்டை எடுத்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார். முனையைத் தாளில் ஊன்றிக்கொண்டு ஜெயக்கொடியின் முகத்தைப் பார்த்தார்.

காற்று ஒரு வீச்சு வீசியது. மேசைமேல் இருந்த தாள்கள் பறந்தன.

ஜெயக்கொடி இரண்டு கையாலும் தாள்களை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஜன்னலைச் சாத்துங்க சார்" என்றார்.

இருதயராஜ் 'ஜன்னலை' வரை எழுதிவிட்டு நிமிர்ந்தார்.