கலெக்டர் கொடுத்த பைப்பு

பைப்புப் புகையிலை ருசி பார்ப்பதில் தன் நாக்கை மிஞ்ச ஆளில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளும் ஜமீன்தார் வீரபூபதி, அன்று விருந்தாளிகள் எதிரிலேயே வேலைக்காரன் சடையனைப் பிடித்துக்கொண்டார்.

"டப்பாவில மட்டச் சரக்கைக் கலந்துட்டே. இல்லைன்னு நிரூபி, இல்லாட்டி இன்னிக்கே வீட்டுக்குப் போ."

சடையன் பதறவில்லை. "எசமான் கண்ணைக் கட்டிக்கிட்டு மூணு பைப்பு இழுத்துப் பாத்துச் சொல்லுங்க. அந்த நாக்கு சொன்னாக் கட்டுப்படறேன்."

ஜமீன்தார் கண்ணைக் கட்டிக்கொண்டு மூன்றையும் இழுத்தார். "முதல் சரக்கு தேன். ரெண்டாவது அதுக்கும் மேல, அத்திப்பழ வாசனை. மூணாவது கசக்குது. அதுதான் நீ கலந்தது."

விருந்தாளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் கண்ணெதிரே மூன்றையும் ஒரே டப்பாவிலிருந்துதான் சடையன் நிரப்பியிருந்தான்.

"கசப்பு நெசந்தான் எசமான், ஆனா மூணும் ஒரே டப்பாச் சரக்கு, கசப்பு புகையிலையில இல்லை," என்றான் சடையன். "மத்த ரெண்டும் நான் தினம் சுத்தம் பண்ற பைப்பு. மூணாவது, கலெக்டர் துரை கொடுத்ததுன்னு நீங்க யாரையும் தொடவிடாத பைப்பு."

ஜமீன்தார் கண்கட்டை அவிழ்த்தார். மூன்றாவது பைப்பின் உள்ளே அப்பியிருந்த கரியை வெகுநேரம் பார்த்தார். பிறகு அந்தப் பைப்பைச் சடையன் கையில் கொடுத்தார்.