குழிக்கு ஒரு குடம்

பாளையங்கோட்டையில் மைதீன் பிச்சை என்று ஒரு ஆம்ப்ளிஃபயர் மெக்கானிக் இருந்தார். வயது நாற்பத்து மூன்று. பாட்டுக் கேட்பதை விட்டுவிட்டுப் பாட்டுப் பெட்டியின் சத்தத்தைக் கேட்கிற கூட்டம் ஒன்று அந்த ஊரில் உண்டு. அவர்கள் அவரை மாஸ்டர் என்பார்கள். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி வை என்று அவர் சொன்னால் தள்ளி வைப்பார்கள். மறுவாரம் ஒட்டி வை என்றால் ஒட்டி வைப்பார்கள்.

அந்தச் சீடர்களில் மூத்தவர் உலகநாதன். ஓய்வு பெற்ற தாசில்தார். குருவைவிட இருபது வயது பெரியவர். எதிரில் நின்று ஒருவர் பேசினால் பாதியில் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். ஸ்பீக்கரிலிருந்து வருவதை மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பார்.

ஆடி மாதத்தில் ஒரு காலை அவர் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். முகம் மழித்து ஒரு வாரம் ஆகியிருக்கும்.

"மாஸ்டர், கரண்டைச் சுத்தம் பண்ணணும். என்ன வழி?"

"என்ன செய்யுது?"

"ம்ம்முன்னு ஒரே இரைச்சல். ஸ்டெபிலைசர் மாத்தியாச்சு. தனி டிரான்ஸ்ஃபார்மர் போட்டாச்சு. மீட்டர் பெட்டியிலேருந்து தனியா ஒயர் இழுத்தாச்சு. போக மாட்டேங்குது."

"பாட்டு கேக்கிற அளவுக்கு இருக்குதா?"

"பாட்டு கிடக்கட்டும். எனக்கு ஒரே ஒரு டேப் கேக்கணும்."

மாஸ்டர் கையிலிருந்த சால்டரிங் கம்பியைக் கீழே வைத்தார். எந்த டேப் என்று அவருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

சித்திரையில் உலகநாதனின் மனைவி வடிவு இறந்துபோனாள். அன்று காலை அவர் புதிதாக வாங்கிய மைக் ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார். அறை எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று பார்க்க, கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, ஒன்றுமில்லாத அறையையே பதிவு செய்வது இந்தக் கூட்டத்தாரின் பழக்கம். பழைய ஸ்பூல் டேப் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வடிவு கதவைத் திறந்து ஏதோ சொன்னாள். அவர் அதட்டினார். அவள் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

மத்தியானம் பசித்து வெளியே வந்தபோது அவள் புறவாசலில் விழுந்து கிடந்தாள். உயிர் போய் இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது என்றார் டாக்டர். விழுந்தவள் கூப்பிட்டாளா என்பதும் தெரியாது. அந்த அறைக் கதவுக்கு வெளிச் சத்தம் நுழையாமல் ரப்பர் பட்டை ஒட்டியிருந்தது.

"அவ கடைசியாப் பேசினது அந்த டேப்புலதான் இருக்கு," என்றார் உலகநாதன். "அன்னைக்கு நான் காதுலயே வாங்கலை. இப்ப போட்டா, 'ஏங்க'ங்கிறது வரைக்கும் கேக்குது. அதுக்கப்புறம் இரைச்சல் முழுங்கிருது. அவளுக்குச் சின்னக் குரல்."

"மெஷினை இங்க கொண்டாங்களேன்."

"அசைக்கவே பயமா இருக்கு மாஸ்டர். டேப் அறுந்துட்டுன்னா?"

"இரைச்சல் எப்ப ஆரம்பிச்சுது?"

"காரியமெல்லாம் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சுத்தான் மெஷினைத் தொட்டேன். அப்பவே இருந்துது."

"ஆம்ப்ளிஃபயரைத் தொட்டா விரல்ல சுருசுருங்குதா?"

"ஆமா. எப்படிச் சொல்லுதீங்க?"

மாஸ்டர் எழுந்தார். கடை ஷட்டரை இறக்கினார்.

"வீட்டுக்குப் போவோம்."

உலகநாதன் வீட்டில் மாஸ்டர் பாட்டு அறைக்குள் போகவில்லை. நேராகப் புறவாசலுக்குப் போனார். மதில் ஓரத்தில் தரையோடு தரையாக ஒரு சிமெண்டு மூடி இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் ஓர் ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டி, குழாய் இறக்கி, உப்பும் கரியும் போட்டு நிரப்பி, அங்கிருந்து அறைக்கு எர்த் ஒயர் இழுத்தவர் அவர்தான். மூடியைத் தூக்கினார். உள்ளே உப்பு பாறையாக இறுகிக் கிடந்தது. மண் குழாயை விட்டு விலகி வெடித்திருந்தது. வெடிப்பில் விரல் நுழைந்தது.

"குடம் இருக்கா?"

உலகநாதன் குளியலறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குடத்தை எடுத்துவந்தார். அதன் வாய் ஓரம் உடைந்திருந்தது.

"இதுக்குத் தண்ணி ஊத்தணுமா?"

"மண்ணு ஈரமா இருந்தாத்தான் எர்த் எர்த்தா இருக்கும். காஞ்சா இரைச்சல்தான். கோடையில நாலு நாளைக்கு ஒரு குடம்னு அன்னைக்கே சொல்லிட்டுத்தானே போனேன்."

"எங்கிட்டயா?"

"உங்களைத்தான் கூப்பிட்டேன். உள்ள ஸ்பீக்கர் முன்னால உக்காந்திருந்தீங்க. அப்புறம்னு கையைக் காட்டுனீங்க. வடிவு மதினிட்ட சொல்லிட்டுப் போயிட்டேன்." பிறகு அவரே சொன்னார்: "நான் காத்திருந்து உங்ககிட்டச் சொல்லியிருக்கணும். அது எனக்கு உறுத்துது."

உலகநாதன் மூடியைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த குடத்தைப் பார்த்தார்.

"இந்த இடத்துலதான் கிடந்தா. இந்தக் குடமும் பக்கத்துல கிடந்துது. துணி துவைக்க வந்திருப்பான்னு நினைச்சேன்."

மாஸ்டர் அவர் கையிலிருந்து குடத்தை வாங்கி, நிரப்பி, குழியில் ஊற்றினார். முதல் குடம் போன இடம் தெரியவில்லை. இரண்டாவதும் அப்படித்தான். ஆறாவது குடத்துக்குத்தான் தண்ணீர் கொஞ்சம் மேலே நின்றது. இருவரும் மதில் நிழலில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். ஆடிக் காற்று புழுதியை வாரி அடித்தது. உலகநாதன் ஒருமுறை எழுந்து குழியை எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சரி, போட்டுப் பாப்போம்," என்றார் மாஸ்டர்.

ஆம்ப்ளிஃபயரை முடுக்கினார்கள். இரைச்சல் இல்லை. உலகநாதன் குமிழை முழுக்கத் திருகினார். அப்போதும் இல்லை. மாஸ்டரே டேப்பைக் கோத்து ஓட விட்டார்.

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல், பக்கத்தில் நிற்பதுபோல வந்தது.

"ஏங்க, காலையிலேருந்து தலையைச் சுத்திக்கிட்டே வருது. இன்னைக்கு மட்டும் அந்தக் குழிக்கு ஒரு குடம் நீங்க ஊத்திருங்களேன்."

அடுத்து உலகநாதனின் குரல். அது அறையை அதிர வைத்தது.

"டேப் ஓடும்போது உள்ள வராதேன்னு எத்தனை தடவை சொல்லுதது?"

"சரி, சரி. நானே ஊத்திக்கிடுதேன்."

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அதன் பிறகு டேப்பில் ஒன்றுமே இல்லை. அன்று அவர் பதிவு செய்ய நினைத்த அமைதிதான். ஒரு குறையுமில்லாமல் பதிவாகியிருந்தது.

உலகநாதன் மெஷினை நிறுத்தவில்லை. ஸ்பூல் தீர்ந்து டேப்பின் நுனி படபடவென்று அடித்துக்கொண்டு சுற்றியது. மாஸ்டர் எழுந்து அதை நிறுத்தினார்.

உலகநாதன் கேட்டார்.

"மாஸ்டர், அந்த இரைச்சல் இருந்தாத் தேவலை. திரும்ப வர வைக்க முடியுமா?"

மாஸ்டர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"முடியும் அண்ணாச்சி. இதுவரைக்கும் இருந்த மாதிரியே இருங்க. பத்து நாள்ல தானா வந்துரும்."